பச்சை வண்டிக்குச் சேதம்

"என்னங்க தெரியுது?" என்று மனைவி மறுபடியும் கேட்டபோது, சர்வேயர் ஒரு காலில் மட்டும் ஷூவோடு கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு ஷூ கையில் இருந்தது.

எதிரே நாற்காலியில் ஒரு படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பழைய காலத்து மோட்டார் வண்டி ஒன்று, அதைவிடப் பழைய கட்டடம் ஒன்றின் வாசலில் நிற்கிறது. நீளமான பானெட், பெரிய ஹெட்லைட், ஏறுவதற்குப் பக்கவாட்டில் ஒரு படிப்பலகை. கட்டடத்துக்கு வளைந்த வாசல், காரை பெயர்ந்த தூண்கள். வாசலுக்கு முன்னால் ஒரு பூனை படுத்துத் தூங்குகிறது. கீழ் மூலையில் சின்னதாக மனைவியின் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவிய வகுப்புக்குப் போய்வந்த அவள் முழுதாக முடித்த முதல் படம் இது.

"வண்டி தெரியுது," என்றார் சர்வேயர்.

"அப்புறம்?"

"கட்டடம் தெரியுது."

"அப்புறம்?"

சர்வேயருக்கு அப்புறமும் தெரிந்தது. பம்பரின் இடது முனை கோணலாக இருந்தது. இடது மட்கார்டு அமுங்கியிருந்தது. ஹெட்லைட்டைச் சுற்றியிருந்த வளையம் வட்டமாகவே இல்லை. முன்சக்கரம் வண்டிக்குச் சம்பந்தமில்லாத திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாவம், நேர்க்கோடும் வரவில்லை, வட்டமும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். இப்போதுதான் பழகுகிறவளிடம் போய் அதைச் சொல்வதா? நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு," என்றார்.

"எது?"

"எல்லாமே."

"சரி," என்றாள் மனைவி. கல்யாணமானவர்களுக்கு அந்தச் 'சரி'யை விளக்க வேண்டியதில்லை. சர்வேயர் இரண்டாவது ஷூவை மாட்டிக்கொண்டு வேகமாக வெளியேறினார்.

சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவர் அல்ல. அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது விபத்தில் ஆன சேதம், எது ஏற்கெனவே இருந்த சேதம், எது காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் கட்டுவதற்காகச் சுத்தியலால் உண்டாக்கிய சேதம் என்று பிரித்துச் சொல்கிறவர். இந்தக் கடைசி வகையைக் கண்டுபிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவருடைய கருத்து. ஊரிலுள்ள ஒர்க்‌ஷாப்காரர்களின் கருத்தும் அதுதான். அவர்கள் அதைச் சொல்லும்போது கூடவே வேறு சில வார்த்தைகளும் வரும், அவற்றை அச்சில் போட முடியாது.

இப்படிப்பட்ட கண்ணுக்கு ஒரு குறை உண்டு. முழுசாக இருக்கிற எதுவும் அதில் படாது. கூடத்துச் சுவருக்கு மனைவி புதிதாக நீலம் அடித்தபோது, அது நீலமென்று அவருக்குத் தெரிவதற்குள் ஒரு பருவமே மாறிவிட்டது. அதிலும் ஓர் ஓரத்தில் பெயின்ட் உரிந்ததால்தான் தெரிந்தது. அவள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்தாள், தெரியவில்லை. கண்ணாடி மாற்றினாள், தெரியவில்லை. கண்ணாடியில் கீறல் விழுந்த அன்று சாப்பாட்டு மேஜைக்கு வந்ததும் வராததுமாக, "எங்க இடிச்சே?" என்று கேட்டார்.

வெளியிலும் இதே கதைதான். மைத்துனன் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பூவால் அலங்கரித்த வண்டி வந்து நின்றது. எல்லாரும் பூவைப் பார்த்தார்கள். சர்வேயர் கதவை விரலால் தட்டிப் பார்த்து, "இது ஒரு தடவை மாத்தின கதவு," என்று பெண்ணின் அப்பாவிடமே சொன்னார். வண்டி பெண்ணின் அப்பாவுடையது. அன்றிலிருந்து மனைவி ஒரு கட்டளை போட்டிருந்தாள்: "உங்க தொழிலை ஆபீஸ்லயே வெச்சுப் பூட்டிட்டு வாங்க. வீட்டுக்குக் கொண்டு வராதீங்க."

ஆகவே அவர் வாயை மூடிக்கொண்டதில் தப்பில்லை என்று நாம் வாதாடலாம். மனைவியிடம் அந்த வாதம் எடுபடாது.

படத்தைக் காட்டிய அன்று மாலை அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அடுத்த ஞாயிறு நூலகத்து மாடியில எங்க வகுப்போட கண்காட்சி. டீச்சருக்கு ஒரு வழக்கம் இருக்கு. வரைஞ்சவங்க வாயைத் திறக்கக் கூடாது. வீட்டுல இருந்து யாராவது ஒருத்தர் படத்துக்குப் பக்கத்துல நின்னு, இதுல என்ன இருக்குன்னு வர்றவங்களுக்குச் சொல்லணும்."

"வரைஞ்சவங்களே சொன்னா என்னவாம்?"

"அவங்க பேச ஆரம்பிச்சா படம் பேசாதாம்."

"அப்ப நான்தான் பேசணுமா?"

"வேற யாரு பேசுவா? ஆள் நிக்காத படத்தை மாட்ட மாட்டாங்க. முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. படத்தையும் பெயின்ட் டப்பாவையும் சேர்த்துப் பரண்ல போட்டுடறேன்."

அவள் மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறவள். டாக்டர்களின் கையெழுத்தையே படிக்கிறவளுக்குக் கணவன் முகத்தைப் படிக்க எவ்வளவு நேரமாகும்? ஆனால் சர்வேயருக்கும் அவள் முகம் அன்று கொஞ்சம் புரிந்தது. இத்தனை வருஷத்தில் அவரிடம் இதைப் பார், இதைக் கேள் என்று அவள் வற்புறுத்தியதே இல்லை. இந்தப் படம் பரணுக்குப் போனால் அவள் இனி தூரிகையைத் தொட மாட்டாள் என்று தோன்றியது.

"நான் பேசறேன். பிரமாதமா பேசறேன் பாரு," என்றார்.

பேசுவதற்கு ஏதாவது வேண்டுமே. மறுநாள் நேரே மைத்துனனிடம் போனார். அவன் விளம்பரக் கம்பெனியில் வாசகம் எழுதுகிறவன். அவனுடைய சோப்பு விளம்பரத்தைப் படித்துவிட்டுக் குளித்தவர்கள், குளித்த மாதிரியே இல்லை என்று திரும்பக் குளித்ததாக ஒரு பேச்சு உண்டு.

"மாமா, இது ரொம்ப ஈஸி," என்றான் அவன், கைபேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபடி. "வண்டிதான் ஆண். கட்டடம்தான் பெண். ஓடி ஓடிக் களைச்சவன் கடைசியில வந்து நிக்கிற இடம். எப்படி?"

"அடேங்கப்பா," என்றார் சர்வேயர். உண்மையாகவே சிலிர்த்துவிட்டது.

இரவு வரை பொறுக்காமல், வீட்டுக்குள் நுழைந்ததுமே அதை அப்படியே ஒப்பித்தார். மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள். "அப்ப நான்தான் பழைய கட்டடமா?"

"அப்படி இல்லம்மா..."

"காரை பெயர்ந்து செங்கல் தெரியுதே, அதுவா?"

"வேணும்னா மாத்தி வெச்சுக்கலாம். நான் கட்டடம், நீ வண்டி."

"எந்த வருஷத்து மாடல்?"

இதற்குத் தொழில்முறையில் அவரால் சரியான பதில் சொல்லியிருக்க முடியும். நல்லவேளையாகச் சொல்லவில்லை. நறுக்கும் சத்தம் மட்டும் முன்பைவிட வேகமாகக் கேட்டது.

அடுத்ததாக வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டார்.

"அப்பா, அர்த்தமெல்லாம் தேடாதீங்க. கலரைப் பத்திப் பேசுங்க. இந்த நிறத்துல ஒரு சோகம் இருக்கு, இந்த மாதிரி. யாரும் மறுத்துப் பேச முடியாது."

யாரும் மறுத்துப் பேச முடியாது என்பது சர்வேயருக்கு மிகவும் பிடித்திருந்தது. மனைவி படத்துக்கு எதிரே உட்கார்ந்து காபி குடிக்கும் நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தப் பழுப்பு நிறத்துல ஒரு சோகம் இருக்கு."

"எந்தப் பழுப்பு?"

"அதான், வண்டியில..."

"வண்டி பச்சைங்க. கரும்பச்சை. பழுப்பா இருக்கிறது சட்டம். கடைக்காரன் அடிச்சுக் கொடுத்தது."

சர்வேயர் சட்டத்தைப் பார்த்தார். உண்மையிலேயே அதில் கொஞ்சம் சோகம் இருந்தது.

மனைவி காபியை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கா எதுவுமே தோணலையா? படத்தைப் பார்த்தா, நீங்களா, உங்க மனசுல இருந்து?"

"தோணுதே. நல்லா இருக்குன்னு தோணுது."

"பொய் சொல்றீங்க."

பொய்தான். அவர் பார்க்கிற போதெல்லாம் அந்தப் பம்பர் கோணலாகவே இருந்தது, என்ன செய்வார்? ஊர் கூடிப் பார்க்கப் போகிறது. நாலு பேர் சிரித்துவிட்டால் அவள் முகம் என்ன ஆகும்? இந்தக் கவலையில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அவருடைய யோசனைகளிலேயே இதுதான் ஆகச் சிறந்தது என்று அவர் நம்பினார். வண்டியில் பம்பர் கோணலாக இருந்தால் மனிதன் என்ன செய்வான்? ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவான்.

மனைவி வேலைக்குப் போனதும் படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த பெயின்டரிடம் போனார். அடிபட்ட வண்டியின் பழைய நிறத்தோடு புது நிறத்தை ஒட்டுவதில் அந்தப் பெயின்டர் கெட்டிக்காரர். எங்கே ஒட்டினார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, சர்வேயரைத் தவிர.

பெயின்டர் படத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பழக்கதோஷத்தில் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "மட்கார்டைத் தட்டி எடுக்கணும் சார். பம்பரைக் கழட்டித்தான் நிமிர்த்த முடியும்."

"யோவ், இது படம்யா."

"படம்தான், தெரியுது. எந்த ஆர்டர்ல வேலை பார்க்கணும்னு சொன்னேன். இன்சூரன்ஸ் உண்டா?"

"கிடையாது. என் சொந்தச் செலவு."

சர்வேயர் வாயிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்ட பெயின்டர், இனி இப்படியொரு நாள் வராது என்று ஒருகணம் நின்று ரசித்தார். பிறகு தூரிகையை எடுத்தார். பம்பர் நேரானது. ஹெட்லைட் வட்டமானது. மட்கார்டு புடைத்துக்கொண்டு பளபளத்தது. சக்கரத்தை மட்டும், "இதுல கைவெச்சா அலைன்மென்ட் போயிடும் சார்," என்று விட்டுவிட்டார்.

படம் மத்தியானமே பழைய இடத்துக்கு வந்துவிட்டது. சாயங்காலம் மனைவி வந்தாள். கைப்பையைக்கூடக் கழற்றாமல் படத்தின் முன்னால் நின்றாள்.

"பம்பர் நிமிர்ந்திருக்கு."

"அப்படியா?" என்றார் சர்வேயர், செய்தித்தாளுக்குள்ளிருந்து.

"ஹெட்லைட் வட்டமாயிருக்கு."

"வெயில் பட்டிருக்கும்."

"வெயில் பட்டா வட்டமாகுமா?"

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. கத்தவில்லை. துணியில் டர்பன்டைனை ஊற்றி, ஈரம் காயாத புதுப் பெயின்டையெல்லாம் ஒரு துளி விடாமல் துடைத்தாள். பிறகு தூரிகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சர்வேயர் அடுத்த அறையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். அவள் எழுந்தபோது பம்பர் மறுபடியும் கோணலாக இருந்தது. முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

'பாவம், ரெண்டாவது தடவையும் நேரா வரலையே,' என்று அவர் மனம் உருகியது.

"ஞாயித்துக்கிழமை என் தம்பியே நிக்கட்டும்," என்றாள் மனைவி, கையைத் துடைத்தபடி. "நீங்க சிரமப்படாதீங்க."

இதுதான் அவரை நிஜமாகவே தைத்தது. தன் மனைவி வரைந்த படத்துக்குப் பக்கத்தில் ஒரு சோப்புக்காரன் நிற்பதா? புருஷன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? "நான்தான் நிப்பேன்," என்றார். சொன்ன குரலில் ஒரு கண்டிப்பு இருந்ததால் மனைவி ஆச்சரியப்பட்டு, "சரி," என்றாள். இந்தச் சரி கொஞ்சம் நல்ல சரி.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்து மாடியில் நல்ல கூட்டம். சுவர் முழுக்கப் படங்கள், ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு கணவன், ஒரு மாமியார், ஒரு அண்ணன் என்று காவல் நின்றார்கள். வரைந்தவர்கள் எதிர்ச் சுவரோரம் வாயை மூடிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். சர்வேயரின் மனைவி புதுச் சேலை உடுத்தியிருந்தாள். சர்வேயர் அதைக் கவனிக்கவில்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்குப் பக்கத்தில், ஒரு பூஜாடிப் படத்தின் முன்னால், எதிர்வீட்டுக் கட்டடப் பொறியாளர் நின்றார். பூஜாடி அவர் மனைவி வரைந்தது. ஜாடி அளவெடுத்த மாதிரி இருந்தது, பூக்களும் அளவெடுத்த மாதிரியே இருந்தன. "பாருங்க, இடதும் வலதும் ஒரு இம்மி மாறாது," என்று அவர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சர்வேயரிடம் மைத்துனன் எழுதிக்கொடுத்த வசனங்கள் இருந்தன. மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்.

"காலம் ஒரு கட்டடம். வாழ்க்கை ஒரு வண்டி," என்று ஆரம்பித்தார்.

கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் பூஜாடிக்கு நகர்ந்தார்கள். ஒரு பெண்மணி மட்டும் நின்று, "அந்த வண்டி ஏங்க அவ்வளவு நெருக்கமா தூண்கிட்ட நிக்குது?" என்று கேட்டாள்.

"காலம் அப்படி, அம்மா," என்றார் சர்வேயர். அவளும் நகர்ந்தாள்.

எதிர்ச் சுவரைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. வியர்த்துக் கொட்டியது. படத்தைப் பேச வைப்பதாகச் சொல்லிவிட்டு, இருக்கிற உயிரையும் எடுத்துக்கொண்டிருக்கிறோமே என்று இருந்தது.

கூட்டம் கொஞ்சம் விலகிய நேரத்தில் பொறியாளர் இரண்டடி வைத்து இந்தப் பக்கம் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மா வரைஞ்சதா? முயற்சி நல்லாத்தான் இருக்கு. ஆனா அடிப்படை வரலை சார். பம்பர் கோணிக்கிட்டு இருக்கு பாருங்க. வட்டம் முட்டை மாதிரி இருக்கு. சக்கரம் எங்கயோ திரும்பியிருக்கு. நேர்க்கோடு போடத் தெரியாம வண்டி வரையலாமா? நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

சர்வேயர் முதல் நாளே நினைத்தது இதைத்தான், ஒரு வார்த்தை மாறவில்லை. ஆனால் அதையே இன்னொருவர் வாயால் கேட்டபோது அவருக்குச் சுரீரென்று ஏறியது. எதிர்ச் சுவரில் மனைவி நிற்கிறாள், எல்லாம் காதில் விழுந்திருக்கும், ஒரு வார்த்தை பேச அவளுக்கு அனுமதியில்லை.

"யாரு சொன்னா கோணல்னு?" என்று கத்தினார். மாடியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "வரையத் தெரியாம இல்லய்யா. வண்டி அடிபட்டிருக்கு!"

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னார். சமாளிக்கத்தான் சொன்னார். ஆனால் சொன்ன கையோடு கண் படத்துக்குப் போனது. ஆபீசில் பூட்டி வைத்திருந்த கண், அன்றுதான் முதல்முறையாகத் திறந்துகொண்டு அந்தப் படத்தைப் பார்த்தது. பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது.

"ஒரு நிமிஷம்," என்றார் வேறொரு குரலில். சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். அது இல்லாமல் அவர் வெளியே கிளம்புவதில்லை. படத்துத் தரையிலிருந்து பம்பரின் கோணல் முனை வரை பிடித்தார். பிறகு படத்திலேயே பக்கத்துத் தூணுக்குப் போனார். தூணில் ஓரிடத்தில் மட்டும் காரை புதிதாகப் பெயர்ந்திருந்தது. தரையிலிருந்து அது வரை பிடித்தார்.

"அதே உயரம்," என்றார் மெதுவாக.

கூட்டம் பூஜாடியிலிருந்து இந்தப் பக்கம் திரும்பியது.

"இங்க பாருங்க. தூண்ல மத்த இடத்துல காரை பெயர்ந்தது பழசு, உள்ளே செங்கல் கறுத்துப் போயிருக்கு. இந்த ஒரு இடத்துல மட்டும் செங்கல் செவசெவன்னு இருக்கு. இப்பத்தான் பெயர்ந்திருக்கு. காரைத் தூள் கீழ சிந்தியிருக்கு, இன்னும் யாரும் கூட்டலை. அந்தச் செங்கல்ல மெல்லிசா ஒரு கோடு இழுத்திருக்கு, என்ன நிறம்?"

பொறியாளர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இன்னும் குனிந்தார். "பச்சை சார். கரும்பச்சை."

"வண்டியோட பெயின்ட். மட்கார்டு எங்க அமுங்கியிருக்கோ அதே மட்டத்துல." சர்வேயருக்கு மூச்சு வாங்கியது. "கை தப்பிப் போட்ட கோடா இது? கை தப்பினா ஒரு இடத்துல தப்பும். பம்பரும் மட்கார்டும் ஹெட்லைட்டும் தூணும் ஒண்ணுக்கொண்ணு பேசி வெச்சுக்கிட்டா தப்பும்?"

"அதானே," என்றாள் முன்பு கேள்வி கேட்டுவிட்டுப் போன பெண்மணி. திரும்ப வந்திருந்தாள்.

"சரி, ஏன் இடிச்சான்? குடிச்சிருந்தானா? தூங்கிட்டானா? சக்கரத்தைப் பாருங்க, இன்னமும் இடப்பக்கம் திருப்பியே இருக்கு. வேணும்னே தூண் பக்கம் திருப்பியிருக்கான். எந்தப் பைத்தியக்காரன் நல்ல வழியை விட்டுட்டுத் தூண் மேல திருப்புவான்?" சர்வேயரின் விரல் படத்தின் குறுக்கே நகர்ந்து, வண்டிக்கு வலப்பக்கம், வாசலுக்கு முன்னால் போய் நின்றது. அங்கே பூனை தூங்கிக்கொண்டிருந்தது. "இதுக்காகத் திருப்பியிருக்கான்."

கூட்டம் பூனையைப் பார்க்க நெருங்கி வந்தது.

"பூனை இன்னும் கண்ணையே திறக்கலை. அப்படின்னா பெரிய சத்தம் வரலை. நடக்கிற வேகத்துலதான் வந்திருக்கான். பூனையை எழுப்பவும் மனசில்லை, ஏத்தவும் மனசில்லை. தன்னோட அருமையான வண்டியைக் கொண்டுபோய்த் தூண்ல சாய்ச்சிருக்கான். கதவு பாருங்க, சரியா சாத்தலை. இறங்கி ஓடிவந்து முதல்ல பூனையைத்தான் பார்த்திருப்பான்." அவர் அளவு நாடாவைச் சுருட்டினார். நிமிர்ந்து நின்றார். "எத்தனையோ வண்டி பார்த்திருக்கேன். சுத்தியலால தட்டிட்டு விபத்துன்னு சொல்லுவாங்க, பார்த்ததுமே சொல்லிடுவேன். இது சுத்தமான விபத்து. அதுக்கு நான் உத்தரவாதம். ஓட்டினவர் மேல ஒரு தப்பும் இல்லை. என் சர்வீஸ்ல முதல் தடவையா சொல்றேன், முழுத் தொகையும் கொடுக்கலாம்!"

முதலில் கைதட்டியது பொறியாளர்தான், அதை அவருடைய நல்ல குணத்துக்குச் சான்றாகச் சொல்ல வேண்டும். பிறகு மாடியே தட்டியது. பூஜாடிக்குப் பக்கத்தில் ஆளே இல்லை. ஆளாளுக்குக் குனிந்து தூணில் பச்சைக் கோட்டைத் தேடினார்கள், கண்டுபிடித்தவர்கள் கண்டுபிடிக்காதவர்களுக்குக் காட்டினார்கள். பூனையைப் பார்த்து ஒரு பெரியவர், "நல்லா தூங்கு," என்று சொல்லிவிட்டே போனார்.

சர்வேயருக்குத் தரையில் கால் பாவவில்லை. "என் வீட்டுக்காரி வரைஞ்சது," என்றார் ஒருவரிடம். "அதோ நிக்கிறாளே, அவதான்," என்றார் இன்னொருவரிடம். கேட்காதவர்களிடமும் சொன்னார். எதிர்ச் சுவரோரம் மனைவி விதிப்படி வாயைத் திறக்காமல் நின்றாள். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு வழிந்தது, கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேயிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் தன்னை அப்படிப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. இவ்வளவு துல்லியமான ஒரு கையோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அதைத் திருத்த ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மீறிப் பெருமையாகவும் இருந்தது. அவள் கையை நினைத்துப் பெருமை, தன் கண்ணை நினைத்தும் பெருமை. இரண்டில் எது அதிகம் என்று அவரைக் கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்லியிருக்க மாட்டார்.

கூட்டம் குறைந்ததும் ஓவிய டீச்சர் சிரித்துக்கொண்டே வந்தார். பெரிதாகப் பேசாத, ஒல்லியான பெண்மணி.

"பிரமாதம் சார். இந்த மாதிரி யாரும் ஒரு படத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை."

"என் கண்ணுல இருந்து எதுவும் தப்பாதுங்க," என்றார் சர்வேயர், அடக்கமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "ஆனா பெருமை அவளுக்குத்தான். அடிபட்ட வண்டியை இவ்வளவு சரியா வரையணும்னா நேர்ல பார்க்காம முடியாது. எங்க பார்த்தா இந்த வண்டியை? எந்த இடத்துல நடந்த விபத்து இது?"

டீச்சர் எதிர்ச் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"விபத்தெல்லாம் இல்ல சார். நான் மாதிரிக்குக் கொடுத்த போட்டோவுல வண்டி பளபளன்னுதான் இருந்துச்சு, அவங்களும் முதல்ல அப்படியேதான் வரைஞ்சாங்க. 'முழுசா இருந்தா எங்க வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாரு'ன்னு சொல்லிட்டு, அப்புறம் ஒரு மாசம் உட்கார்ந்து அவங்களேதான் இடிச்சாங்க."